இடைவெளியும் ஓர் எழுத்து

ஓகஸ்ட் கடைசிச் சனி.
பல்கலைக்கழகத்தின் திறந்த நாள் முடிந்து
எங்களிடம் மிஞ்சியவை
நாலு துணிப்பை, பதினொரு பேனை,
சொசேஜ் மணக்கும் விரல்கள்.
ரெட்ஃபேர்னில் ரயில் ஏறி
மேல்தட்டில் இருக்கை முதுகைத் தள்ளித் திருப்பி
முகம் பார்த்து அமர்ந்தோம்.

கணினி அறிவியல் மூன்று வருடம்,
மென்பொருள் பொறியியல் நாலு.
"அந்த நாலாவதில் என்னதான் படிப்பிப்பினம்?"
கேட்டவள் சாருணி.
"கூட்டத்தில் நித்திரை கொள்ளாமல் இருக்க"
என்றான் டுவான்.
அவன் அண்ணன் வேலைக்குப் போய் எட்டு மாதமாக
ஒரே பொத்தானின் நீலத்தை
மாற்றிக்கொண்டிருக்கிறானாம்.

பேச்சு மெல்ல நகர்ந்து
யார் யார் இரவில் என்ன எழுதுகிறோம் என்பதில் நின்றது.
டுவானிடம் ஒரு வரைபடம்:
செப்டெம்பரில் மாக்பை தலையில் கொத்தும் தெருக்களை விலக்கி
பள்ளிக்கு வழி சொல்லும்.
சாருணியின் செயலி
தவளைக் குரலை இனம் பிரிக்கும்.
இதுவரை அது கண்டுபிடித்த தவளை ஒன்றே ஒன்று,
அதுவும் அவள் தம்பி.
யதுர்சன் தயங்கிச் சொன்னான்:
முதியோர் இல்லத்தில் அம்மாவுக்கு இரவு வேலை,
பன்னிரண்டு பேரின் அட்டவணை,
யார் யாரோடு முகம் கொடுத்துக் கதையாதவர்
என்பது வரை கணக்கில் எடுத்து முந்நூறு வரி.
இப்போது முழு இல்லமும் அதில்தான் ஓடுகிறதாம்.
"காசு தந்தவையோ?"
"லாமிங்டன். ஒரு பெட்டி."

நான் என் பிழையைக் காட்டினேன்.
திருப்பிப் படித்தாலும் மாறாத சொல்லா என்று
கேட்டுச் சொல்லும் சின்ன நிரல்.
விகடகவி என்று கொடுத்தால்
இல்லை என்கிறது.
தமிழ்ப் பள்ளியில் ஏழு வயதில் நான் கைதட்டிய சொல்லை
இயந்திரம் மறுக்கிறது.

ஸ்ட்ராத்ஃபீல்ட் கடக்கும்போது திரையை வாங்கினான்.
லிட்கம் வருமுன் சிரித்தான்.
"உனக்கு வி ஒரு எழுத்து.
இதுக்கு ரெண்டு: ஒரு வ, பின்னால ஒரு கொக்கி.
திருப்பினால் கொக்கி முன்னுக்கு வருது,
தொங்க ஆளில்லை."
உண்மைதான். அங்கே
புள்ளிகளால் ஒரு வெற்று வட்டம் வரைந்து
கொக்கியை அதில் மாட்டியிருந்தது கணினி,
வராதவருக்குப் போட்ட நாற்காலிபோல.
நாலு வரி சேர்த்தான். மேலே ஒரு குறிப்பு:
இது எழுத்து. உடைக்காதே.

"நீ எந்தப் பாடம் முதலாவதாய்ப் போடுறாய்?"
சாருணிதான், வேறு யார்.
அவன் கையேட்டை மடித்தான், மறுபடி மடித்தான்,
வெட்டுப்புள்ளி தொண்ணூற்றைந்து
உள்ளே போய்ப் பெருவிரல் அளவானது.
"டீச்சர் கணித்தது எழுபத்தொன்று.
திருப்பிப் போட்டால் பதினேழு.
எந்தப் பக்கத்தாலும் காணாது."
ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு டுவான் சிரித்தான்,
அதற்காக அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை.
டேஃபில் ஒரு வருடம், பேந்து பின்கதவு
என்று என்னவோ சொல்லிக்கொண்டே
வெஸ்ட்மீடில் இறங்கிவிட்டான்.
பரமட்டாவில் ஏறிய கூட்டத்தில்
அந்த இடத்தை மட்டும் ஏனோ
யாரும் கேட்கவில்லை.

இரவு பதினொன்று நாற்பது.
விண்ணப்பத்தில் ஐந்து பெட்டி,
ஒன்றை நிரப்பியிருந்தேன்.
நிரலை ஓட்டிப் பார்த்து எழுதினேன்:
விகடகவி சரி.
உடனே பதில் வந்தது, அவனும் விழித்திருக்கிறான்:
தேரு வருதே?
கொடுத்துப் பார்த்தேன்.

இல்லை என்கிறது.
நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறதல்லவா,
அதையும் ஓர் எழுத்தாக எண்ணிவிட்டது.

நீண்ட நேரம் மூன்று புள்ளிகள்
எழும்பி எழும்பி அடங்கின.
பிறகு:
அதை எண்ணாமல் விடச் சொல்லு.
ஒரு வரிதான்.
நீயே எழுது.